இல்லாத மகளுக்கு ஒரு வகுப்பு

"யாருக்கு மேடம்?" என்று கராத்தே மாஸ்டர் கேட்டதும், "பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பெண் கிடையாது. ஒரே மகன், இருபது வயது. பொய் சொல்லப்போகிறோம் என்று மாடிப்படி ஏறும்போது அவளுக்கே தெரியாது. தனக்குத்தான் என்று சொல்ல வழியெல்லாம் ஒரு காரணம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். உடம்பு கனத்துவிட்டது, டாக்டர் ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார், இப்படி. ஆனால் மாஸ்டரின் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த பேண்டேஜில் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் வாய் தானாக ஒரு மகளைப் பெற்றெடுத்துவிட்டது.

"எத்தன வயசு?"

"பதினாலு."

அது ஒரு மரச்சாமான் கடையின் மாடி. கீழேயிருந்து வார்னிஷ் வாடை ஏறிவந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, உள்ளே கோப்பைகள், கோப்பைகளுக்குப் பின்னால் கோப்பைகளைப் பிடித்தபடி மாஸ்டரின் படங்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வயிறு அதற்கு முன்பே நிமிர்ந்திருந்தது. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, எந்த நிறப் பெல்ட்டுக்குப் பிறகு எந்த நிறம் என்றெல்லாம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாராவது கையப் பிடிச்சா எப்படி விடுவிக்கறதுன்னு சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

"அதெல்லாம் ப்ளூ பெல்ட்டுக்கு அப்புறம் மேடம். அவசரப்படக்கூடாது."

அதுவரை பிடித்திருக்கிறவன் காத்துக்கொண்டிருப்பானா என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் ஏன் பதினாலு என்று சொன்னோம் என்ற யோசனை வந்தது. மகனின் அப்பா இறந்தபோது அவனுக்கு அந்த வயதுதான்.

அவள் வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கையை ஒவ்வொன்றாக வாங்கி, மடியில் வைத்து, ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து ஊசி ஏற்றுவாள். பெரிய பெரிய ஆண்கள்கூட அவள் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாத்து மா" என்பார்கள். அத்தனை பேரின் கையையும் தினமும் பிடிக்கிறவள் தன் கையை ஒருவன் பிடித்தபோது ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாள். அந்த ஒருவன் அவள் பெற்ற மகன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. வேலைக்குப் போன இடத்தில் மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மகன், உடனே நண்பர்களைப் பார்க்கக் கிளம்பினான். கண் சிவந்திருந்தது, குரல் ஒரு மாதிரி இருந்தது. இந்த நிலையில் வண்டி ஓட்டக்கூடாது என்று அவள் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். கொடு என்றான். மாட்டேன் என்றாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். சாவி கீழே விழும்வரை திருகினான். அதற்குள் அவள் முழங்கால் தரையில் பட்டுவிட்டது. குனிந்து சாவியை எடுக்கும்போது மகனின் முகம் அவள் முகத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பும் ஒரு முறை, ஏதோ பேச்சில், அவளைப் பிடித்து ஃபிரிட்ஜில் தள்ளியிருக்கிறான். அதைத் தவறுதலாக நடந்தது என்று அவளே அவனுக்காகச் சொல்லி முடித்துவைத்தாள். மணிக்கட்டை அப்படி முடித்துவைக்க முடியவில்லை. மறுநாள் ரப்பர் பட்டையை இழுக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் விடவில்லை. "இந்த வயசுல எலும்பக் கவனிக்கணும்க்கா. கால்சியம், வைட்டமின் எல்லாம் பாத்துரலாம், நம்ம கடைதான" என்று சொல்லி, மற்றொருத்தியை விட்டு அவளுக்கே ரத்தம் எடுக்க வைத்துவிட்டாள். சாயங்காலம் முடிவு வந்தது. "இரும்பு மாதிரி இருக்கீங்க. அப்புறம் ஏன்க்கா விழறீங்க?" அவள் சிரித்துவைத்தாள். அவள் கணவன் இருந்த காலத்தில் ஒரு நாளும் கை நீட்டியவனில்லை. குரல் உயர்த்தினால்கூட அடுத்த நிமிஷம் அவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது, தன் வளர்ப்பிலிருந்துதானே என்று நினைக்கும்போது காது மடல் சூடாகும். அடி வாங்கியதைவிட, யாரிடமாவது சொன்னால் அவர்கள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள் என்பது தாங்க முடியாததாக இருந்தது. அதோடு இன்னொரு வெட்கமும் உண்டு. சாயங்காலம் வாசலில் வண்டி ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டால், அவள் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு முகத்தைச் சரிசெய்துகொள்கிறாள். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு.

இரண்டாவதாகப் போன இடம் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் கீழ்த்தளம். அங்கே கிக் பாக்ஸிங் சொல்லித்தருகிறார்கள். கதவைத் தள்ளியதும் வியர்வையும் தோலும் கலந்த நெடி. கூரையில் தொங்கிய பைகளை இளைஞர்கள் குத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மகனின் முதுகு. ஒருவன் குத்துவதை நிறுத்திவிட்டுப் பனியன் நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். மகன் அப்படித்தான் துடைப்பான், துண்டு பக்கத்திலேயே கிடந்தாலும். அந்தப் பையன் அவளைப் பார்த்து மரியாதையாக, "யாரப் பாக்கணும் ஆன்ட்டி?" என்றான். "இல்லப்பா, தெரியாம வந்துட்டேன்" என்று திரும்பிவிட்டாள்.

மூன்றாவது இடம் தானாகவே அவளிடம் வந்தது. ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண்ணின் முன்கையில் கன்றிப்போன தடம் இருந்தது. அவள் தயங்கிப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண்ணே சிரித்தாள். "தற்காப்பு கிளாஸ்ல விழுந்த தடம் மா. லைப்ரரிக்குப் பின்னாடி ஹால் இருக்குல்ல, சனிக்கிழமை. பொம்பளைங்களுக்கு மட்டும்." உடம்பில் இருக்கும் தடத்தை ஒரு பெண் இப்படிக் கூச்சமில்லாமல் காட்டுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். பஞ்சை வைத்து அழுத்தியவள், அழுத்திய கையை எடுக்க மறந்துபோனாள்.

அந்த ஹாலில் கோப்பை எதுவும் இல்லை. நீல நிற விரிப்புகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்; சில ஓரங்களில் பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது. சொல்லித்தருகிறவள் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவளாக இருப்பாள். பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறாளாம். ஒரு சுண்டுவிரல் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. சின்னப் பெண்ணிலிருந்து தலை நரைத்தவர்கள்வரை எல்லோரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

"யாருக்குக்கா?"

"பொண்ணுக்கு. பதினாலு வயசு. கொஞ்சம் பயந்த சுபாவம்."

பயந்த சுபாவம் என்பது இந்த முறை புதிதாகச் சேர்ந்தது. மாஸ்டரும் பேண்டேஜைப் பார்த்தாள், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. ஒரு கிளாஸ் சும்மா நின்னு பாக்கட்டும். பிடிச்சா சேரட்டும், பிடிக்கலன்னா போகட்டும்."

அடுத்த சனிக்கிழமை, லேபில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டு, தளர்வான பேன்ட் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பேன்ட்டை எதற்கு எடுத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வாசலில் நின்று, "அவளுக்குக் காய்ச்சல், மாஸ்டர்" என்றாள். சொல்லும்போதே முகம் எரிந்தது. ஐம்பதை நெருங்குகிறவள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளை மாதிரி.

மாஸ்டர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். "சரி, அதனால என்ன. நீங்க நில்லுங்க. கத்துக்கிட்டுப் போய் அவளுக்குச் சொல்லிக் குடுங்க."

இப்படித்தான் அவள் சேர்ந்தாள். முதலில் விழக் கற்றுக்கொடுத்தார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையால் விரிப்பை அறைந்து விழவேண்டும். தானாக விழுவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பிறகு பிடிகள். "பிடிக்கிறவன் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் கட்டைவிரல் பக்கம் ஒரு சந்து இருக்கும். அந்தப் பக்கமா மணிக்கட்டத் திருப்பி உருவுங்க. எதிர்த்து இழுக்காதீங்க, அவன் பலமே அதுலதான்" என்று மாஸ்டர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினாள். அவளுக்கு வகுப்பிலிருந்தவர்கள் யாரும் அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனாலும் வகுப்பு முடிந்ததும் யாரோடும் டீ குடிக்க நிற்காமல் கிளம்பிவிடுவாள். வீட்டில் மகன் இருப்பான். மாஸ்டர் சொல்லித்தந்த அதே கையால் அவனுக்குச் சோறு போடுவாள். அவன் புதிதாக ஒரு கூரியர் கிடங்கில் சேர்ந்திருந்தான். ஒழுங்காகப் போய்வந்தான், அவளுக்குப் பிடிக்கும் என்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்தான். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு இது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தோன்றும். பிள்ளை முதுகுக்குப் பின்னால் அவனுக்கு எதிராகச் சதி செய்வதுபோல இருக்கும். ஆனால் வண்டி ஸ்டாண்ட் போடும் சத்தத்துக்கு அவள் முகம் இன்னும் தானாகச் சரியாகிக்கொண்டுதான் இருந்தது.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று மாஸ்டர் வாராவாரம் கேட்பாள்.

"பரவால்ல. முன்ன மாதிரி திடுக்கிடறதில்ல."

"தூங்கறாளா?"

"தூங்கறா."

இல்லாத அந்தப் பெண்மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. ஒரு முறை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர், அவளைப் பார்க்காமலே கேட்டாள்: "அவளப் பிடிக்கிறது யாரு? தெரியாதவங்களா, தெரிஞ்சவங்களா?"

அவள் விரிப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சவங்கதான்."

"அப்ப வேற மாதிரி சொல்லித் தரணும். தெரியாதவன்னா கைய உருவிட்டு ஓடிரலாம். வீட்டு ஆளுன்னா, உருவினதுக்கு அப்புறம் எங்க போய் நிக்கறதுன்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கணும். கதவு எந்தப் பக்கம்னு பாத்து உக்காரச் சொல்லுங்க."

"சொல்றேன்."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவள் தன் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்றாள். அந்த நாற்காலியிலிருந்து வாசல் கதவு எட்டும் தூரம். பெற்ற பிள்ளைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கண்ணால் அளந்தபடியே சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரணிலிருந்த பழைய மிக்ஸியை எடுக்க அவள் முக்காலிமேல் ஏறியிருந்தாள். மகன் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிக்ஸியை நகர்த்தியபோது முக்காலி ஒரு பக்கம் ஆடியது. யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கை தானாகக் கட்டைவிரல் பக்கம் திரும்பி உருவிக்கொண்டது, முழங்கை பின்னால் போய் எதிலோ பட்டது, கால் தரையைத் தொட்டது, கதவு திறந்தது. நினைவு வந்தபோது வெறுங்காலோடு வெளியே பொது வராந்தாவில் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் உயர்ந்திருந்தன.

எதிர்வீட்டுக்காரம்மா துணிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். "என்னாச்சு?"

"கரப்பான்பூச்சி" என்றாள்.

"அதுக்கா இப்படி? என்னக் கூப்பிட்டிருந்தா செருப்பால ஒரு போடு போட்டிருப்பேன்ல" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவள் போனாள்.

உள்ளே மகன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். மூக்கிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம். முழங்கை பட்டது அங்கேதான். அவன் அதைத் துடைக்கவில்லை.

"நீ விழப்போற மாதிரி இருந்துச்சும்மா" என்றான். "அதான் பிடிச்சேன்."

அவள் அவனை உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது.

"எங்க கத்துக்கிட்ட?" என்றான், மூக்கடைத்த குரலில்.

"ஒரு கிளாஸ் போறேன்."

"சனிக்கிழமையா?"

"ஆமா."

"என்னாலயா?" என்றான்.

அவள் மறு கையால் அவன் மேலுதட்டில் இறங்கியிருந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

"இல்லன்னு சொல்லேம்மா."

கராத்தே மாஸ்டரிடம், வரவேற்புப் பெண்ணிடம், சற்று முன் எதிர்வீட்டுக்காரம்மாவிடம் என்று யோசிக்காமல் வாயிலிருந்து வந்த பொய், இப்போது எவ்வளவு தேடியும் வரவில்லை. ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள். நின்றிருந்தது. விரலை எடுத்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் இடித்துவிடாமல் வீட்டுக்குள் நடந்தார்கள். சமையலறையில் அவள் இருந்தால் அவன் வாசலிலேயே நின்று, "தண்ணி வேணும்" என்பான். அவள் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பான். கையிலிருந்து கைக்கு எதுவும் மாறவில்லை. ஒரு நாள் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து, கேட்காமலே, அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அதை எடுக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவள் பையை எடுத்தபோது, "நான் கொண்டுவந்து விடறேன்" என்றான். வண்டியில் அவன் தோளைப் பிடிக்காமல், பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் வண்டியை அநேகமாக நிறுத்தியே ஏற்றினான்.

ஹால் வாசலில் மாஸ்டர் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளோடு வந்தவனைப் பார்த்து நிமிர்ந்தாள். அவனுடைய உயரம், தோள், மூக்கின்மேல் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்த வீக்கம் எல்லாவற்றிலும் அவள் கண் போய்வந்தது.

"இது யாருக்கா?"

"என் பையன்."

"பொண்ணு வரலியா?"

வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "எந்தப் பொண்ணும்மா?"

உள்ளே இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. காதுமடல், கழுத்து, முதுகு என்று உடம்பெல்லாம் சூடு பரவியது. இத்தனை வாரமாக மகளுக்குக் காய்ச்சல் என்றும், பரீட்சை என்றும், இன்னும் கூச்சம் போகவில்லை என்றும் சொல்லிவந்ததெல்லாம் செருப்புகளுக்கு நடுவில் கொட்டிக் கிடப்பதுபோல இருந்தது.

"எனக்குப் பொண்ணு இல்ல, மாஸ்டர்."

"தெரியும்க்கா" என்றாள் மாஸ்டர். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வேனில் ஏறும் பிள்ளைகளிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள். "உள்ள போங்க. ஆரம்பிச்சுட்டாங்க."

பிறகு மகனிடம் திரும்பினாள். அவன் கண்களைத் தரைக்குத் தாழ்த்தியிருந்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. அந்தத் தலை குனிவதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா, "நல்ல பையன்தான் மாஸ்டர், இப்பல்லாம்..." என்று ஆரம்பித்தாள். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"உள்ள ஆம்பளைங்களுக்கு இடம் இல்ல தம்பி" என்றாள் மாஸ்டர். "போறதுன்னா போங்க. இருக்கறதுன்னா இந்த பெஞ்சுல உக்காருங்க."

"இருக்கேன்" என்றான்.

புழுக்கமாக இருந்ததால் கதவைச் சாத்தவில்லை. அன்றைக்கு அவளோடு ஜோடியாக நின்றது, லேபில் தடத்தைக் காட்டிச் சிரித்த அந்தப் பெண். அந்தப் பெண் இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கை துணி மாதிரி அப்படியே கிடந்தது. எந்தப் பக்கம் கட்டைவிரல் என்பதுகூட மறந்துபோனது. கதவுக்கு வெளியே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், நாம் திருப்பினால் அவன் பார்ப்பான், திருப்பாவிட்டாலும் பார்ப்பான். "எடுத்துக்கங்க மா" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். மாஸ்டர் பின்னால் வந்து நின்றாள், ஆனால் தொட்டுத் திருத்தவில்லை, காத்திருந்தாள். அவள் மூச்சை இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி உருவினாள். சத்தமில்லாமல் வந்துவிட்டது. மறுபடி பிடித்தார்கள், மறுபடி உருவினாள். மூன்றாவது தடவை உருவியபோது, பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துவிட்டாள்.

மகன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சின் நுனியில், முதுகை வளைத்து, முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின்மேல் தன் முழு எடையையும் வைத்திருந்தான்.